கடையைப் பூட்டிவிட்டுக் கொச்சிக்கு

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறைதான் எங்கள் வெப்சைட் தொழில். நாலு பேர். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ரப்பர் வியாபாரி என்று யார் கேட்டாலும் செய்து கொடுப்போம். எல்லாம் ஓடுவது டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்ட சர்வரில். அதற்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் முதன்முறையாக இந்தியாவுக்கு, அதுவும் பக்கத்துக் கொச்சிக்கு வந்தது. ரயிலேறினோம்.

"மூணு நாளு பூட்டிட்டுப் போறியளே, துட்டு வருமா மக்கா?" என்றார் கீழ்க்கடை அண்ணாச்சி.

துட்டு வரவில்லைதான். ஆனால் நாங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்கள் டீயோடு பக்கத்தில் நின்றார்கள். தமிழ் எழுத்து உடைவதை எங்கள் பையன் காட்டினான். புகார் பதிவு செய்தீர்களா என்று கேட்டார் ஒருவர். இரண்டு வருடமாக எங்களுக்குள் திட்டிக்கொண்டோமே தவிர, பதிவு செய்யவில்லை! அன்றிரவே செய்தோம்.

நம் பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் தொழிற்சாலை காட்ட பஸ் விடுகின்றன (பாதி நேரம் அருவியில்தான் கழியும்). இந்த மாதிரி மாநாட்டுக்கும் ஒரு பஸ் விடலாம். விழுப்புரத்து லினக்ஸ்காரர்கள் அதே ஆண்டு ஜனவரியில் சிறிய டெபியன் மாநாடே நடத்திவிட்டார்கள். நாகர்கோவிலில் மண்டபத்துக்கா பஞ்சம்?