கூடு விட்டுக் கூடு பாயும் பிள்ளைகள்: ‘ஏலியன்: எர்த்’ பார்த்ததும் எங்களுக்குத் தோணியது

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

போன வாரம் ஆடிக் கடைசி வெள்ளி. கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும். பூசை முடிஞ்சு, அண்டா எல்லாம் கழுவிக் கவிழ்த்துட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல தொண்டூழியர்கள் நாங்க மடப்பள்ளிப் பக்கம் உட்கார்ந்தோம். வரிசை ஒழுங்கு பார்த்த பாலிடெக்னிக் பிள்ளைகள் மூணு பேர் ஒரே வாக்குவாதம். "அது அவதான்", "இல்ல, அவ செத்துட்டா"ன்னு. என்னடான்னு விசாரிச்சா, 13ஆம் தேதி டிஸ்னி பிளஸ்ல வந்த ‘ஏலியன்: எர்த்’ தொடர்.

எங்க பெரியவர் ஒருத்தருக்குக் கோபம். "உயிரை மெஷின்ல அடைக்கிற கதையா? நம்ம சமயத்துக்கே விரோதம். பிள்ளைங்களைப் பார்க்க விடாதீங்க"ன்னு சொல்லிட்டார். பார்க்காம தீர்ப்புச் சொல்லக் கூடாதுன்னு, மறுநாள் ராத்திரி எங்களில் ஒருத்தர் வீவக வீட்டில் நாலஞ்சு பேர் சேர்ந்து, முதல் ரெண்டு பாகமும் பார்த்தோம்.

1979ல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ படத்தை எங்க வயசுக்காரங்க வீடியோ டேப்ல பார்த்துப் பயந்திருப்போம். அதுக்கப்புறம் எத்தனையோ படம் வந்தாச்சு. தொலைக்காட்சித் தொடரா வர்றது இதுதான் முதல் தடவை. கதை நடக்கிற வருஷம் 2120, அந்தப் பழைய படத்தின் கதைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. பூமியை அஞ்சு கம்பெனிகள் பங்கு போட்டு ஆளுது. பயங்கர ஜந்துக்களை ஏத்திக்கிட்டு வந்த ஒரு கப்பல், ஆசியாவில் ஒரு பெரிய நகரத்துக் கட்டடத்துல மோதி விழுது. படப்பிடிப்பு தாய்லாந்துல. வெயிலும் புழுக்கமும் நம்ம ஊர் மாதிரியே இருக்கு. ‘தி ஒயிட் டைகர்’ல நடிச்ச நம்ம இந்தியப் பையன் ஆதர்ஷ் கௌரவும் இருக்கார்.

முதல்லயே சொல்லிடறோம். இரத்தம், கோரம் ரொம்ப அதிகம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேணவே வேணாம். எங்களிலேயே ஒருத்தர் பாதியில எழுந்து கோப்பி போடப் போனவர், பேய்க் காட்சி முடிஞ்சாச்சான்னு கேட்டுக் கேட்டுத்தான் திரும்பி வந்தார்.

ஆனா பிள்ளைகள் சண்டை போட்டது ஜந்துவைப் பத்தி இல்லை. மார்சின்னு ஒரு சின்னப் பொண்ணு, தீராத நோய். கம்பெனிக்காரன் அவளோட நினைவு, மனசு எல்லாத்தையும் ஒரு செயற்கை உடம்புக்கு மாத்திடறான். பழைய உடம்பு செத்துப்போச்சு. புது உடம்புக்குச் சாவு கிடையாது, பேர் வெண்டி. வெளியில பெரிய பொண்ணு, உள்ளுக்குள்ள குழந்தை. அவளோட அண்ணன், தங்கச்சி செத்துட்டான்னே நினைச்சுக்கிட்டு இருக்கான்.

இது நமக்குப் புதுசா? திருமூலர் கதை எல்லாருக்கும் தெரியும். கயிலாயத்திலிருந்து அகத்தியரைப் பார்க்கக் கிளம்பி வந்த யோகி, திருவாவடுதுறை பக்கம் சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடக்கிறதையும் பசுக்கள் அவனைச் சுத்தி நின்னு அழுறதையும் பார்க்கிறார். மனசு தாங்காம, தன் உடம்பைப் பத்திரமா ஓரிடத்தில் வெச்சுட்டு, மூலன் உடம்புக்குள்ள போறார். பசுக்கள் சந்தோஷமாயிடுச்சு. ஆனா மூலன் மனைவி வந்து வீட்டுக்குக் கூப்பிட்டப்ப, "உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு சொல்லிட்டார். பசுக்களுக்கு அந்த உடம்பு போதுமா இருந்துச்சு. அந்த அம்மாவுக்கு? புருஷன் உடம்பு எதிர்லயே நிக்குது, புருஷன் இல்லை. தொடர்ல இதுக்கு நேர் எதிர்: தங்கச்சி மனசு இருக்கு, தங்கச்சி உடம்பு இல்லை.

அதனால பிள்ளைகள் கேட்ட கேள்வி நம்ம பெரிய புராணத்திலேயே இருக்கிற கேள்விதான். எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் இது. சைவ சித்தாந்தத்தில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நாலும் கருவிகள். மாயையிலிருந்து வந்தவை. உயிர் வேற. மெஷினுக்குள்ள மார்சியோட ஞாபகம் போயிருக்கலாம், அது கருவி. உயிர் போச்சான்னு அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. தெரியாமலேயே குழந்தை உடம்பைச் சாக விட்டான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. திருமூலர் தன் உடம்பைத்தான் கழட்டி வெச்சார், அதுவும் வாயில்லா ஜீவன் அழுறது பொறுக்காம. இங்கே அந்த முதலாளி தன் உடம்பைத் தொடலை, நோயாளிக் குழந்தைகளோட உடம்பைத் தொட்டான். அந்த வயசுப் பிள்ளை என்னத்தைப் புரிஞ்சு சம்மதம் சொல்லும்? புது உடம்பு யாரோட சொத்து? கம்பெனிச் சொத்து.

இந்த இடத்துலதான் எங்களுக்குச் சுருக்குன்னுச்சு. அந்தக் கப்பல் ஆளுங்களுக்கு 65 வருஷப் பயணம். திரும்பி வரும்போது வீட்டில் யார் இருப்பா? வெண்டியோட அண்ணன், வேலையை விட்டுட்டு மருத்துவம் படிக்கப் போகணும்னு கேக்கிறான். கம்பெனி விடலை. ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர்ற ஊழியர் தம்பி ஒருத்தர், பட்டுக்கோட்டைப் பக்கம், எங்களோட உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தார். மெதுவாச் சொன்னார்: "எனக்கு 65 இல்லண்ணே, ஆறு வருஷம்தான். பாப்பா என்னைப் போன்லதான் பார்த்திருக்கு. நேர்ல போனா பயந்து அழுதுச்சு."

யாரும் பேசலை. எங்களில் மூணு பேர் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிறவங்க. கையெழுத்துப் போடற பேனா எங்க சட்டைப் பையில் இருக்கு. போன வருஷம் ஒரு பையன் மகள் காதுகுத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டான். ஆர்டர் முடியட்டும்னு சொன்னோம். ஆர்டர் முடிஞ்சப்ப காதுகுத்தும் முடிஞ்சுபோச்சு. மேல இருந்து வந்த நெருக்கடின்னு சமாதானம் சொல்லிக்கலாம். ஆனா "அப்புறம் பார்க்கலாம்"னு சொன்ன வாய் எங்க வாய்தான்.

அதனால எங்க கருத்து இதுதான். பெரிய பிள்ளைகளைப் பார்க்காதேன்னு தடுக்காதீங்க. கூட உட்கார்ந்து பாருங்க. திருமூலர் கதையைச் சொல்லுங்க. தடுத்தா தனியா போன்ல பார்ப்பாங்க, கேள்வி மட்டும் நம்மகிட்ட வராது. ரெண்டு பாகம்தான் பார்த்திருக்கோம், மிச்சம் ஆறு எப்படிப் போகும்னு பார்க்கணும். இரத்தத்தைக் குறைச்சு மனுஷங்களைக் கூட்டினா நல்லா இருக்கும்.

வர்ற ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் அரை மணி நேரம் இருங்க. அந்தப் பிள்ளைகளும் ஊழியர் தம்பிகளும் சேர்ந்து இதைப் பேசலாம். கோபப்பட்ட பெரியவரும் வர்றேன்னு சொல்லியிருக்கார். அன்னைக்குக் காய் நறுக்கினவங்க முதல் பந்தியில் உட்காரட்டும், நாங்க பரிமாறுறோம்.

மேற்பார்வை வேலையில் இருக்கிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி வருது. ஊருக்குப் போகணும்னு கேக்கிற தம்பிகளோட லீவுத் தாள் உங்க மேசையில் இருந்தா, இந்த வாரமே எடுத்துப் பாருங்க. எங்க மேசையில் நாலு இருந்துச்சு. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையா அதைத்தான் பார்த்தோம்.

திருச்சிற்றம்பலம்.