சிக்கனம் யாருக்கு?

வரட்சி வந்துவிட்டால் பத்திரிகைக் காரியாலயத்துக்கு ஓர் அறிவித்தல் தவறாமல் வந்து சேரும். நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள், பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், வாகனங்களை வாளி நீரால் கழுவுங்கள். திகதியை மட்டும் மாற்றி அதே வாசகங்களை எத்தனை தடவை பக்கத்தில் இட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்போதெல்லாம் தோன்றாத ஒரு கேள்வி பின்னர்தான் உறைத்தது. மூடுவதற்குக் குழாய் உள்ளவர் யார்? கழுவுவதற்கு வாகனம் உள்ளவர் யார்?

2016 இன் பிற்பகுதியில் தொடங்கி 2017 வரை நீண்ட வரட்சியில் இலங்கை முழுவதிலும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். வடக்கு மிகக் கடுமையாக வாடியது. அந்நாட்களில் தீவுப்பகுதிக் கிராமமொன்றில் பவுசர் வரும் நேரத்தில் நின்றிருந்தேன். நான்கு கான்களுடன் வந்த ஒரு பெண்மணியிடம், வீட்டில் நீரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அரிசி கழுவிய நீரில் மரக்கறி கழுவுவதாகவும், அதுவே பின்னர் ஆட்டுக்குப் போவதாகவும், பிள்ளைகளை ஒரே பாத்திரத்தில் நிறுத்திக் குளிப்பாட்டி, தேங்கும் நீரை முருங்கைக்கு ஊற்றுவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, 'இதையெல்லாம் ஏன் தம்பி கேக்கிறீங்கள்?' என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தப் பெண்மணிக்குச் சிக்கனம் கற்பிக்கும் தகுதி எந்த அமைச்சுக்கு உண்டு?

அதே வாரத்தில் யாழ்ப்பாண நகரையொட்டிய ஒரு வீதியில், மேற்றளத்துத் தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முற்றம் முழுவதும் சீமெந்து. வழிந்த நீர் படலையைத் தாண்டி வீதி வடிகாலுக்குள் இறங்கியது. மோட்டரை நிறுத்த ஆளில்லை. அயலவர் ஒருவரிடம் வினவியபோது, 'அவையின்ரை கிணறு, அவையின்ரை கரண்ட்' என்றார்.

என் சண்டை இந்தச் சொல்லோடுதான். கிணறு அவர்களுடையதாக இருக்கலாம். கிணற்றுக்குள் இருக்கும் நீர் அவர்களுடையதன்று. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. இந்த மிதப்புக்கு ஓர் இரக்கமற்ற கணக்கு உண்டு. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் கீழிருக்கும் உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடி மேலெழும். ஆகவே ஒரு வளவில் இரவு முழுவதும் மோட்டர் ஓடினால், நாலு வளவு தள்ளியிருப்பவரின் தேநீர் உவர்க்கக்கூடும். வேலி மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது.

முன்னைய தலைமுறை இதனை நூலில் படித்து அறிந்ததன்று. துலாவால் இறைத்தவனுக்கு ஒவ்வொரு வாளியும் தோளில் வலித்தது. குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போனது. கிணற்றடியில் வாழை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. அதே கிணறுகளில் கைவைக்க அனுமதிக்கப்படாமல், யாரேனும் வார்த்துவிடும் வரை குடத்துடன் ஒதுங்கி நின்ற மக்கள் இதே மண்ணில் இருந்தார்கள். நீர் பொதுச்சொத்து என்பதை நமது சமூகம் என்றுமே மனமுவந்து ஏற்றதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சாதியின் பெயரால் மறித்தவர்கள் இன்று குதிரைவலுவால் மறிக்கிறார்கள், அவ்வளவுதான்.

குடாநாட்டின் நிலத்தடி நீரில் பெரும்பங்கை உறிஞ்சுவது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கும் தோட்டங்களே, வீட்டுக்காரரை ஏன் வைகிறீர் என்று நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் தோட்டக்காரர் நீரைச் சோறாக்குகிறார். சீமெந்து முற்றத்தைக் கழுவுபவர் எதை ஆக்குகிறார்? தவிர, மலக்குழியின் கசிவும் உரத்தின் நைத்திரேற்றும் ஏற்கெனவே கலந்துவிட்ட நீரில், அளவு குறையக் குறைய நஞ்சின் செறிவு கூடும்.

அரசை நான் விட்டுவிடவில்லை. சிக்கனம் போதிக்கும் அரசின் கொழும்பு மாநகரக் குழாய்களில், 2012 அளவில் ஏறத்தாழ அரைவாசி நீர் கசிவாலும் களவாலும் கணக்கில் வராமற் போனது. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தபோது, மக்கள் தெருவுக்கு வந்து, விவகாரம் நீதிமன்றம் சென்று, 2019 இல் உயர்நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மழைநீர் சேகரிப்புக்கென 2005 இல் தேசியக் கொள்கை வந்தது. 2007 இல் நகர அபிவிருத்திச் சட்டமும் திருத்தப்பட்டது. அதன் பின்னர் எழுந்த மாடிவீடுகளின் பீலிகள் எங்கே போகின்றன என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018 பெப்ரவரி முதலாந் திகதியிலிருந்து ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஐம்பது லீற்றர் என்று வரையறுத்தார்கள். 2015 இல் நாளாந்தம் நூறு கோடி லீற்றருக்கு மேல் செலவிட்ட நகரம், ஐம்பது கோடி அளவுக்கு இறங்கியது. குடிசைப் பகுதிகளின் பொதுக்குழாய்களில் மிச்சம் பிடித்ததால் அது நிகழவில்லை. அங்கே மிச்சம் பிடிக்க எதுவும் இருக்கவில்லை. புல்வெளியும் நீச்சற் குளமும் உள்ள வீடுகள் குறைத்தன. அபராதமும் மானியும் குறைக்க வைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, கடல் கடந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கோபித்தாலும் எழுதத்தான் வேண்டும். ஊரில் நீங்கள் எழுப்பும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை இருக்கிறது. நிமிடத்துக்கு எட்டு, பத்து லீற்றர் கொட்டும் ஷவர் இருக்கிறது. மழைநீர்த் தாங்கி மாத்திரம் இல்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேதாரம் போக ஏறத்தாழ 90,000 லீற்றர் தேறும். நாளுக்கு ஐம்பது லீற்றர் வீதம் ஐந்து பேருக்கு ஓராண்டு. அவ்வளவையும் தேக்க இயலாதுதான். ஐயாயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்றிருந்தால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஏழு லீற்றராக அதே ஐவருக்கு நான்கரை மாதத்துக்குப் போதும். மீதியை வடிகட்டிக் கிணற்றடிக் குழியில் இறக்கினால் வில்லை தடிக்கும். முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடிக்க வேண்டும், தாங்கியை வெயிலும் நுளம்பும் புகாமல் மூட வேண்டும். இதற்குமேல் இதில் வித்தை எதுவும் இல்லை. முகப்புத் தூண்களுக்குப் பூசும் செலவில் ஒரு பகுதி போதும்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. இரணைமடு நீரைக் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் தமது வயலை எண்ணி எதிர்த்தார்கள்; அவர்கள் எதிர்த்ததில் தவறில்லை. அதன் விளைவாகக் கடலிடம் போனோம். கடல்நீரில் ஒரு கனமீற்றரைக் குடிநீராக்க மூன்று நான்கு அலகு மின்சாரம் எரிய வேண்டும். அப்படி ஆக்கிய நீர் மலசலகூடத்தில் ஒரு தடவை அமுக்கினால் பத்து லீற்றராகப் போகிறது.

என் வீட்டுத் தாங்கியும் சென்ற மாதம் ஒருநாள் வழிந்தது. பேசிக்கொண்டிருந்ததில் மோட்டரை மறந்துவிட்டேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாவுக்கு ஒரு மிதவை ஆளி வாங்கிப் பூட்டியாயிற்று. பீலி வேலைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்கு முன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.