கர்மமா? படிக்கட்டா?



நம் நாட்டில் கண் தெரியாமல் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் உடனே காரணம் சொல்ல ஆள் வந்துவிடுகிறான். "முன்ஜென்ம பாவம்" என்கிறான். அந்த ஜென்மத்தைப் பார்த்தவன் யார் என்று கேட்டால் நம்மை நாஸ்திகன் என்கிறான். சரி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படிக்க முடியாத புரோகிதருக்கு எந்த ஜென்மத்துப் பாவம்? அவர் கண்ணுக்குக் கண்ணாடிக் கடை, மற்றவன் கண்ணுக்குக் கர்மமா?

இது பழைய கதை. புதிய கதையும் உண்டு. உடற்குறையுள்ளவர்களைத் "திவ்யாங்", அதாவது தெய்வீக அங்கமுடையவர், என்று அழைக்கலாமென்று 2015 டிசம்பரில் பிரதம மந்திரி மோடி அவர்கள் வானொலியில் சொன்னார். நேற்றுப் பாவி, இன்று தெய்வாம்சம்! இரண்டு பட்டத்துக்கும் பட்டினி ஒன்றேயானால் பட்டத்தால் யாருக்கு லாபம்? 2011 ஜனக்கணக்குப்படி இந்தியாவில் இவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். சிறியோர் முதியோர் எல்லாம் சேர்ந்த இத்தொகையில் வேலையுள்ளவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான்.

"அவர்களால் என்ன வேலை செய்ய முடியும்?" என்பார்கள். பக்கத்திலிருக்கும் ஓசூரைப் பாருங்கள். டாட்டாவும் தமிழ்நாட்டு சர்க்காரின் டிட்கோவும் கூடி 1984-இல் ஏற்படுத்திய டைட்டன் கம்பெனியின் கடிகாரத் தொழிற்சாலையில் காது கேளாதவர்கள் முதலானோரும் வேலை செய்து வந்திருக்கிறார்கள். கடிகாரம் செய்யக் கையும் பயிற்சியும் வேண்டும். பூர்வ ஜென்மப் புண்ணியம் வேண்டியதில்லை.

அன்றியும், கம்ப்யூட்டர் திரையிலுள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் கருவியை 2006-இல் ஆரம்பித்தவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். கூடச் சேர்ந்தவர் ஜேம்ஸ் தே. இருவருக்கும் கண் தெரியாது. உலகத்துக்கே அதை இனாமாகக் கொடுத்தார்கள். தமிழையும் அது படிக்கிறது. முப்பத்து முக்கோடி தேவர்கள் செய்யாததை இரண்டு மனிதர்கள் கூடிச் செய்தார்கள்.

நிற்க, நமது அஞ்செட்டிக்கு வருவோம். ஓசூர் போக மலையும் காடும் கடந்து தேன்கனிக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். கால் நடவாத வாலிபனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தாலும் பஸ் படிக்கட்டு அவனை ஏற விடுவதில்லை. அவனைத் தடுப்பது விதியல்ல, மனிதன் வைத்த படிக்கட்டு. மனிதன் வைத்ததை மனிதன் மாற்றலாம்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 4 இடம் ஒதுக்கச் சொல்லுகிறது. தனியார் முதலாளிகள் விஷயத்திலோ, நூற்றுக்கு 5 பேரை வைத்துக்கொள்ள ஊக்கம் கொடுக்கச் சொல்லுகிறதேயொழியக் கட்டாயப்படுத்தவில்லை. சுயதொழிலுக்குக் கடன் கொடுக்க மத்திய சர்க்கார் 1997-இலேயே ஒரு கார்ப்பரேஷனும் வைத்தது. ஆனால் கையில்லாதவன் கடன் கேட்டால் ஜாமீன் கேட்கும் உலகத்தில், கேட்டு வாங்கச் சங்கமில்லாவிட்டால் சட்டம் அலமாரியில்தான் தூங்கும்.

ஆகவே சர்க்கார் ஏறக்கூடிய பஸ் விடட்டும். முதலாளி வேலையும் பயிற்சியும் தரட்டும். ஊரார் இவ்வருஷத் திருவிழா வசூலில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, அந்தக் கருவியோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஊரில் வைக்கட்டும். என்ன வேண்டுமென்பதை உடற்குறையுள்ளவர்களே சங்கமாகக் கூடிச் சொல்லட்டும்.

கோவில் வாசலில் பிச்சை போட்டால் புண்ணியம் என்கிறீர்கள். உங்கள் புண்ணியத்துக்காக ஒருவன் ஆயுள் முழுதும் பிச்சைக்காரனாக இருக்க வேண்டுமா? அவனுக்குச் சேர வேண்டியது சில்லறையல்ல, சம்பளம்.