டம்ளருக்குள் டம்ளர்

"வெள்ளிக்கிழமை காலையில் ஆட்களோடு வந்து தூக்கிக்கொண்டு போகிறேன்" என்று பழைய இரும்புக்காரர் முன்பணத்தை நீட்டியபோது, என் மாமனார் அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். விற்பனைக்கு வந்த சாமான், 1951-ஆம் வருஷத்து மாரிஸ் மைனர் கார். பதினோரு வருஷமாகக் கொட்டகையில் நித்திரை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

எஞ்சினில் கோளாறு இல்லை. கைப்பிடி போட்டுச் சுற்றினால் சுற்றுகிறது. பெட்ரோல்தான் போகவில்லை. ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் பித்தளை நட்டைக் குறட்டால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். நட்டு அசையவில்லை; அதன் ஆறு மூலைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டன. "உடைத்துத்தான் எடுக்கணும். வேறு வாங்கிப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்ரோல் கெட்டுப்போகுமா என்று கேட்பீர்கள். போகும், சகோதரிகளே! நாள்பட்டால் லேசான பாகம் ஆவியாகிவிடும். மிச்சம் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும். முற்றின வெல்லப் பாகு பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. இப்போது வரும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எதனால் வேறு கலக்கிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடாத வண்டியில் பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

செவ்வாயன்று நட்டு வைபவம். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றி வைத்தோம். பெட்ரோல் பக்கத்தில் ஒரு பொறி போதும். நெருப்புக் காட்டி இளக்கலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து நட்டின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, ராத்திரி முழுவதும் ஊறவிட்டோம். காலையில் என் கணவர் மழுங்கின நட்டின் ஆறு முகங்களையும் அரத்தால் ராவி, ஓர் அளவு சின்ன ஸ்பானர் கெட்டியாகப் பிடிக்கும்படி செய்தார். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பானர் எதிரியைவிட மோசம். இங்கிலீஷ் காருக்கு அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் மூலை போய்விடும்.

ஒரு ஸ்பானர் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று நட்டைத் திருக. மற்றது அது இறங்கியிருக்கும் பகுதியை அசையாமல் பிடிக்க. இல்லாவிட்டால் நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். இன்னொரு சூட்சுமம்: கழற்றுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை இறுக்கவேண்டும். துருவின் பிடி அப்போதுதான் விடும். அப்புறம் கொஞ்சம் கழற்று, கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் விடு. முக்கால் மணி நேரத்தில் நட்டு கையோடு வந்தது. புதன்கிழமை கார்புரேட்டரே கீழே இறங்கிவிட்டது.

அங்கேதான் பெரிய முடிச்சு. இந்தக் கார்புரேட்டருக்கு எஸ்.யு. என்று பெயர். கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பம். ஆரம்பத்தில் செய்தவற்றில் பிஸ்டன் கிடையாது, தோல் துருத்திதானாம். அந்தத் தோலைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி என்று சொல்லுவார்கள். கார் சமாசாரத்தில் நமக்கு என்ன வேலை என்கிற ஆண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்!

பிற்பாடு துருத்தி போய், அலுமினிய மணி மாதிரி ஒரு மூடியும், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும் வந்தன. பிஸ்டனின் அடியில் மெல்லிய ஊசி; அது உயர உயரப் பெட்ரோல் கூடுதலாக வரும். மூடியும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடாது. ஆனால் இடைவெளி தலைமுடி அளவுதான். ஜோடி பார்த்துச் செய்தவை. இந்தப் பிஸ்டனை வேறு மூடியில் போடுவது சரிப்படாது. எங்கள் வண்டியில் அந்த இடைவெளி முழுவதும் பிசின்.

மூடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டையும் சேர்த்து நேர்மேலாகத் தூக்கினோம். சாய்த்தால் ஊசி வளைந்துவிடும். என் பிள்ளை ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான், நெம்ப. "டேய், கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமனார் எழுந்து வந்துவிட்டார்.

"மாமா, சமையலறையில் டம்ளருக்குள் டம்ளர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வோம்?"

"உள்ளே பச்சைத் தண்ணீர், வெளியே வெந்நீர். உன் மாமியார் செய்வாள், அம்மா."

அதேதான். சூட்டில் வெளி டம்ளர் விரியும், குளிர்ச்சியில் உள் டம்ளர் விரியாது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு விரிகிற உலோகம், நமக்கு அநுகூலம். ராத்திரி மூடித் தலையிலிருந்த பித்தளைத் திருகைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாகத் தின்னர் விட்டு ஊறவைத்தோம். வியாழக்கிழமை அதை வடித்துத் துடைத்து, வாடை போகும் வரை வெயிலில் வைத்தோம். பிறகு முற்றத்தில், அடுப்புக்கு வெகு தூரத்தில், துணியைக் கொதிநீரில் நனைத்து மூடிக்கு வெளியே மட்டும் சுற்றினேன். எண்ணி ஒரு நிமிஷம். மரக் கரண்டிக் காம்பால் பக்கவாட்டில் லேசாக இரண்டு தட்டு. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி துணி, மறுபடி தட்டு. நாலாவது தடவை பிஸ்டன் அரை அங்குலம் நழுவியது. வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தபோது ஊசி நேராகவே இருந்தது.

சுத்தம் செய்வதிலும் ஓர் எச்சரிக்கை. உப்புத்தாள் கூடவே கூடாது. தேய்த்தால் இடைவெளி பெரிதாகிவிடும். தின்னரில் நனைத்த பழைய வேட்டித் துணி போதும். பிஸ்டனின் நடுத் தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்.

திரும்பப் பூட்டினதும் பரீட்சை. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், தடங்கல் இல்லாமல் இறங்கி அடியில் உட்காரும் சத்தம் கேட்கவேண்டும். மாமனார்தான் தூக்கி விட்டார்.

'டிக்.'

இன்னொரு தடவை தூக்கி விட்டார். அப்புறம் இன்னொரு தடவை.

வெள்ளிக்கிழமை வந்த இரும்புக்காரரிடம் ஓட்டை வாளி இரண்டையும் ஒரு மூட்டைப் பழைய பேப்பரையும் எடைபோட்டுக் கொடுத்தார். வண்டி இன்னும் ஓடவில்லை. பெட்ரோல் டாங்கியின் அடியில் வண்டல் இருக்கிறது. அந்த வேலை அடுத்த வாரம்.