கதவு சொல்லும் கணக்கு

பழைய எம்.ஜி.பி. கார் ஒன்றுக்குப் புதிய உடற்தகடுகளை வாங்கியவர், பொதியைப் பிரித்த அன்றைக்கே வேலை பாதி முடிந்துவிட்டதென மகிழ்வது வழக்கம். கறுப்புப் பூச்சுடன் மின்னும் புதிய தகடு ஒருபுறம். கறள் தின்ற பழைய தகடு மறுபுறம். ஒன்றைக் கழற்றி மற்றதை வைக்கவேண்டியதுதானே என்று தோன்றும். சட்டைக்குப் பொத்தான் மாற்றுவது போன்ற காரியமன்று இது என்பதை, வெல்டிங் முடிந்தபின் மூட மறுக்கும் கதவே அவருக்கு உணர்த்தும். அக்கதவு ஏன் மறுக்கிறது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உருவான விளையாட்டுக் கார். கூரையுள்ளனவும் இல்லாதனவுமாக ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. வண்டிக்குத் தனியானதோர் அடிச்சட்டம் உண்டு; உடல் அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கும். எம்.ஜி.பி.யிலோ அத்தகைய தனிச்சட்டம் இல்லை. வளைத்து ஒட்டிய மெல்லிய உருக்குத் தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தாமே எலும்பாகவும் தாமே தோலாகவும் நிற்கின்றன. கூரையுள்ள வண்டியாயின் பாரத்தில் ஒரு பங்கைக் கூரை ஏற்கும். திறந்த வண்டிக்கு அவ்வுதவியும் இல்லை. ஆகவே அதன் முன்பாதியும் பின்பாதியும் வளையாமல் நிற்பது, பெரும்பாலும் கதவுகளின் கீழே வாசற்படிபோல ஓடும் இரு பெட்டிச் சட்டங்களின் வலிமையாலேயே. இதனை ஆங்கிலேயர் ‘சில்’ என்பர். நம் நாட்டிற் சில்லு என்றாற் சக்கரம். குழப்பம் நேராதிருக்கப் படிச்சட்டம் என்றே இங்கு வழங்குவோம்.

படிச்சட்டம் ஒற்றைத் தகடன்று. உள்ளே ஒன்று, நடுவே ஒன்று, வெளியே ஒன்று எனத் தகடுகள் அடுக்காய் அமைந்தது. முன்சக்கரம் வீசும் சேறு மட்காட்டின் பின்மூலையில் ஒதுங்கி, ஈரம் வற்றாமற் கிடக்கும். குளிர்காலத்தில் அந்நாட்டு வீதிகளில் உறைபனிக்காகத் தூவும் உப்பும் அதனோடு சேரும். வெளியே வர்ணம் அழகாய் இருக்க, உள்ளிருந்தே கறள் அரித்துக்கொண்டு வரும். விஷயம் அறிந்தவர்கள் வண்டி வாங்கப் போனால், படிச்சட்டத்தின் கீழ் ஜக் வைத்து மெல்லத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். கதவின் இடைவெளி ஒடுங்கினால், அல்லது கதவு இடித்தால், நடுமுதுகு தளர்ந்துவிட்டதென்பது தெளிவு.

இங்கேதான் குறுக்குவழி ஒன்று காத்திருக்கிறது. உக்கிய படிச்சட்டத்தை வெட்டாமல், அதன்மேல் உறைபோன்ற புதிய தகட்டைச் சாத்தி ஒட்டி வர்ணம் பூசிவிடலாம். செலவு குறைவு; பார்வைக்குக் குறையில்லை. ஆனால் உள்ளிருக்கும் கறள் தன் வேலையை நிறுத்துவதில்லை. அந்த வண்டியை நம்பி வாங்கி, மனைவியையோ மகனையோ பக்கத்தில் இருத்திக்கொண்டு விரைகின்றவர், மோதலொன்று நேரும் நாளில் வர்ணத்தையும் மாச்சீலையையுமே காவலாகக் கொண்டிருப்பார். இதனைச் சிக்கனம் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

முறையான வேலைக்கு முன்மட்காட்டைக் கழற்றவேண்டும்; வெளித்தகடு அதன் அடியிலும் நீண்டு செல்கிறது. நல்ல வேளையாக அது போல்ட் பூட்டியது. பின்மட்காட்டோ உடலோடு ஒட்டியது. அதன் கீழ்ப்பகுதியைச் சிறிது வெட்டினாலன்றிப் படிச்சட்டத்தின் பின்முனை வெளிப்படாது. ஆயினும் வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுக்கும் முன்னர், கதவு வாயிலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாயொன்றை உட்புறமாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். கதவைப் பூட்டி மூட இடம் விட்டே அது அமைய வேண்டும். வண்டியும் முறுக்கின்றி மட்டமாய் நிற்கவேண்டும். ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கம். இரு படிச்சட்டங்களையும் ஒருமிக்க வெட்டியவர், வண்டி நடுவில் தொய்ந்த கோலத்திலேயே புதிய தகடுகளை ஒட்டிவிடுவார். பிறகு அந்தத் தொய்வு நிலைபேறு பெற்றுவிடும்.

புதிய தகடு அளவுப்படி வந்திருக்குமே, பின் ஏன் இத்தனை பாடு என்று மாணவர்கள் கேட்கலாம். பழைய தகட்டைப் பார்த்து வேறிடங்களிற் செய்யப்படும் பாகங்கள் சில நன்றாக அமையும். சில விளிம்பிற் பிழைக்கும். 1988இல் பிரித்தானியாவில் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து எம்.ஜி.பி.யின் முழு உடலையே மீண்டும் செய்யத் தொடங்கினர். அத்தகைய மூல அச்சிற் பிறந்த தகட்டுக்கும் சற்றே தட்டலும் நீட்டலும் வேண்டியிருக்கும். அன்றைய தொழிற்சாலையிலும் கைத்திறன் உள்ளவர்கள் தட்டிச் சரிசெய்து, சில பொருத்துகளை ஈயம் இட்டு மெழுகியே வண்டியை வெளியே விட்டனர். (மொரிஸ் மைனர் காருக்குரிய தகட்டுப் பாகங்கள் 1990களில் நமது இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின என்பதை இவ்விடத்திற் பெருமையுடன் நினைத்துக்கொள்கிறோம்.)

ஆகையால் தகட்டை முதலில் ஒட்டாமலே பொருத்திப் பார்த்தல் அவசியம். இறுக்கிகளாலும் சிறு திருகாணிகளாலும் அதனை நிறுத்தி, கதவைப் பூட்டி, முன்மட்காட்டையும் தற்காலிகமாக ஏற்றி, சில அடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். கதவைச் சுற்றிய இடைவெளி நாலைந்து மில்லிமீற்றர் அளவில் மேலும் கீழும் ஒத்து ஓடுகிறதா? கதவின் கோடு மட்காட்டின் கோட்டோடு சேருகிறதா? இல்லையெனில் கழற்றி மறுபடியும் தொடங்கவேண்டியதுதான். இவ்வேலையில் ஒரு நாள் முழுவதும் சென்றுவிடும். ஒட்டுவதற்குச் சில மணி நேரமே போதும். பொறுமையற்ற டிங்கர்காரர் இந்த நாளைத்தான் மிச்சம் பிடிக்கிறார்.

ஒட்டும்போதும் அவசரம் ஆகாது. புதிய தகட்டின் விளிம்பில் ஆறு மில்லிமீற்றர் அளவிலே துளைகளை இட்டு, மறைவுறும் பரப்புகளுக்கு நாகம் கலந்த பூச்சைத் தடவி, துளை வழியே பொட்டுப் பொட்டாக உருக்கி ஒட்டுவர். ஓரிடத்தில் ஒரு பொட்டு. அடுத்தது எட்ட இன்னோரிடத்தில். ஒரே கோடாக ஒட்டிச் சென்றால் வெப்பத்தினால் மெல்லிய தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். நாலு பொட்டுக்கு ஒருமுறை கதவை மூடிப் பார்ப்பது நன்று.

எல்லாம் முடிந்து வர்ணமும் காய்ந்த பின்னர், படிச்சட்டத்தின் உட்குடைவுக்குள் மெழுகை விசிறிச் செலுத்த வேண்டும். மெழுகு இறுகுமுன் அடியிலுள்ள நீர்வடி துளைகளைக் கம்பியாற் குத்தித் திறந்துவிட மறக்கலாகாது.