ரோடு ஏன் பெயர்கிறது?

சேலம், நாமக்கல் கிராமங்களில் கோடையில் போட்ட தார் ரோடு ஐப்பசி மழையில் பெயர்ந்து கிடப்பதைக் காணாத தோழர் உண்டா? மழைமேல் பழி போடுகிறார்கள். நாம் ஒப்பவில்லை.

மண் படிந்த ஜல்லியில் தார் ஒட்டாது. தார் குறைந்தால் இடுக்கில் தண்ணீர் இறங்கி ஜல்லி கழன்றுவிடும். கூடினாலோ வெயிலில் இளகி, லாரிப் பாரத்தில் சக்கரத்தடம் பள்ளமாகும். தாரும் ஒரே ரகமல்ல. வெப்பம் 38 முதல் 45 டிகிரி வரை போகும் ஊருக்கு வி.ஜி. 30 ரகம் என்கிறது 2013-ம் ஆண்டின் இந்தியத் தர விதி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லிமேல் கழிவு பிளாஸ்டிக்கை உருகிப் படியவைத்து, பிறகு தார் கலக்கும் முறையைக் கண்டார். அந்தப் பூச்சு தண்ணீரைத் தடுக்கிறது; தாரையும் இறுகப் பிடிக்கிறது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை, கண்காணிப்புக்குத்தான் பஞ்சம். தாரில் மிச்சம் பிடிப்பவர் காண்ட்ராக்டர். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது குழியில் விழுபவர் மில் தொழிலாளி. கொதிக்கும் கலவையைக் கொட்டிப் பரப்பிய கூலிக்காரரின் உழைப்பும் மண்ணாகிறது.

நாம் கேட்பது இதுதான்: ஜல்லி எந்தக் குவாரி, தார் என்ன ரகம், எத்தனை சதம், கனம் எவ்வளவு என்று வேலை தொடங்குமுன் ரோட்டோரம் தமிழில் பலகை வை! சோதனை முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்டு! பணம் நம்முடையது, கணக்கும் நமக்கு வேண்டும்.