கவசக் குதிரையும் கண்ணுக்குத் தெரியாத கைகளும்

குதிரை என்றவுடன் நம் இல்லத்துப் பெரியோர்க்கு ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரை நினைவுக்கு வரும். அடுத்து, தேசிங்குராஜன் கதையில் வரும் பாராசாரிக் குதிரை நினைவுக்கு வரும். மும்பையில் பிறந்து வளரும் நம் சிறுவர்களுக்கோ திரைப்படத்தில் கண்ட இரும்பு வீரனே தெரியும். தலை முதல் கால் வரை கவசம் பூண்டு, தன் குதிரைக்கும் கவசம் பூட்டி, நீண்ட வேல் தாங்கி வரும் அவ்வீரனைப் பற்றி இத்திங்கள் சில செய்திகளை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம். அவனுடைய வீரத்தைப் பாடிய நூல்கள் பல உள. அவனைத் தாங்கி நின்றவர் யாவர் என்று கேட்போர் சிலரே. நாம் இங்கே இரண்டாவது வினாவையே பெரிதும் எடுத்துக்கொள்கிறோம்.

கவசக் குதிரைப்படையின் பிறப்பிடம் ஈரானும் அதனை அடுத்த நடு ஆசியப் புல்வெளிகளும் ஆகும். அங்கே பருத்த குதிரைகள் வளர்ந்தன; அவற்றுக்கு ஏற்ற தீவனமும் விளைந்தது. நம் உழவர் குதிரைமசால் என்று வழங்கும் பயிர் அப்பகுதியிலிருந்தே மேல்நாடுகளுக்குப் பரவியது. அவ்வீரரைக் கிரேக்கர் 'முழுதும் மூடப்பட்டவர்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். மீன் செதில்போல் அடுக்கித் தைத்த சிறு தகடுகளே அவர்தம் கவசம். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோப்போஸ் என்னும் பழைய கோட்டை நகரை அகழ்ந்தபோது, கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் குதிரைக் கவசங்கள் கிடைத்தன. குதிரையின் முதுகையும் விலாவையும் மூடிய அச்செதில் போர்வைகளை இன்றும் காணலாம்.

கி.மு. 53இல் கர்ரே என்ற இடத்தில் பார்த்திய நாட்டுப் படைத்தலைவன் சுரேனா, உரோமானியப் பெருஞ்செல்வன் கிராசஸை முறியடித்தான். சுரேனாவிடம் இருந்த கவசக் குதிரைவீரர் சுமார் 1,000 பேரே. ஏனையோர் குதிரைமீதிருந்து அம்பெய்யும் வில்லாளர். உரோமானியருள் 20,000 பேர் மாண்டனர், 10,000 பேர் சிறைப்பட்டனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வில்லாளரின் அம்புகள் தீர்ந்துவிடும் என்று நம்பியே கிராசஸ் காத்திருந்தான். ஆனால் போர்க்களத்தின் பின்னால் அம்புச் சுமை ஏற்றிய ஒட்டகங்கள் வரிசையாக நின்றன. கவச வீரனின் புகழ் உலகெங்கும் பரவியது. ஒட்டகம் ஓட்டியவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது.

கவசத்துக்கு ஒரு குறையும் உண்டு. வெயிலில் அது காய்ந்துவிடும். பிற்கால உரோமானியர் இவ்வீரருக்கு வைத்த மற்றொரு பெயர், அப்பம் சுடும் இரும்பு அடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று அறிஞர் சிலர் கருதுவர். கி.பி. 272இல் சிரியாவில் இம்மே என்னுமிடத்தில் பால்மைரா அரசி செனோபியாவின் கவசக் குதிரைப்படை, உரோமப் பேரரசன் ஆரேலியனை எதிர்த்தது. அவன் தன் இலகுவான குதிரைவீரரைத் தோற்று ஓடுவதுபோல் ஓடச் செய்தான். கவச வீரர் வெயிலில் நெடுந்தொலைவு துரத்திக் களைத்தபின், ஓடியவர்கள் திரும்பித் தாக்கினர். வேண்டிய இடத்தில் அரணாயிருந்த இரும்பு, களைத்தவிடத்தில் வெறும் சுமையாயிற்று.

ஐரோப்பிய வீரனைப் பற்றி ஒரு தவறான செய்தி நெடுங்காலமாக உலவி வருகிறது. கவசத்தின் கனத்தால் அவனைப் பாரந்தூக்கி கொண்டு குதிரைமேல் ஏற்றினர் என்பர். அது வெறுங்கதை. 15ஆம் நூற்றாண்டு முழுக்கவசம் ஒன்றின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரையே. அதன் பாரம் உடலெங்கும் பகிர்ந்து நின்றமையால், பயின்ற வீரன் தானே குதிரை ஏறினான். பாரம் செலவில்தான் இருந்தது. ஒருவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள், கொல்லர், ஏவலர், தீவனம் ஆகிய யாவும் ஊராரின் உழைப்பிலிருந்தே வந்தன. இத்தனை பொருட்செலவில் நின்ற பிரெஞ்சுப் பிரபுக்களை 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் வீழ்த்தியவர்களுள் மிகப் பலர் எளிய குடியில் பிறந்த ஆங்கில வில்லாளர் ஆவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகம் நெல்லுக்கும் முத்துக்கும் பேர்போனது. போர்க்குதிரை அங்கே விளையவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழி வந்தன என்பதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் அப்பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளானதும், இரவில் அப்பரிகள் மீண்டும் நரிகளானதும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பக்திக் கதையாயினும் அதனுள்ளே ஒரு வரலாற்றுச் செய்தி இருக்கிறது. அரசின் கருவூலத்துப் பொன், துறைமுகத்தில் குதிரையாக மாறியது, அக்குதிரை நிலைக்கவில்லை.

இதனை மெய்ப்பிக்கும் சான்றுகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கின்றன. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தை நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் வாழும் அன்பர்கள் பழைய காயல் என்று அறிவர். அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த குதிரைகள் அங்கே இறங்கின. பாண்டியக் கடற்கரை, காம்பே முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், கப்பலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் வசாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் ஏராளமான பொன் வெளியேறியது என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் அக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ கூறுவது இன்னும் கூர்மையானது. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான். அவனுடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சவில்லை. குதிரைக்கு அரிசிச் சோறும் இறைச்சியும் கலந்து கொடுத்தனர். லாடம் அடிப்பவரும் நோய் பார்ப்பவரும் நாட்டில் இலர். குதிரை விற்ற வணிகர் அத்தொழிலாளரை அழைத்து வரவில்லை. வேறெவரும் வராதபடியும் பார்த்துக்கொண்டனர். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டு மீண்டும் விற்பனை நடக்கும்!

அன்பர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டுகிறோம். அக்குதிரைகள் யாவும் கவசம் பூண்டவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கவச வீரனைத் தாங்கவல்ல குதிரை வேண்டுமாயின் அதைக் கடல் கடந்தே பெறவேண்டியிருந்தது. பாண்டியனிடம் பொன்னுக்குக் குறைவில்லை, வீரர்க்கும் குறைவில்லை. குதிரையின் குளம்பைக் கையிலெடுத்துப் பார்க்கத் தெரிந்த ஓர் எளிய தொழிலாளியே அவனிடம் இல்லை. அவ்வொரு குறையால் நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் மண்ணுக்குள் போயிற்று. 1311இல் மதுரை வரை வந்து திரும்பிய மாலிக் காபூர் 5,000 குதிரைகளைக் கொண்டுசென்றான் என்று அமீர் குஸ்ரு எழுதியிருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்.

விசயநகர மன்னர் காலத்தில் இக்கலை ஓரளவு நம் நாட்டில் வேரூன்றியது. சுமார் 1520இல் கிருஷ்ணதேவராயரின் படை அணிவகுப்பைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயஸ், குதிரைகளின் நெற்றித் தகடுகளையும், வலிய தோலைப் பல அடுக்காக வைத்து இரும்புத் தகடு சேர்த்துத் தைத்த சட்டைகளை வீரர் அணிந்திருந்ததையும் விவரிக்கிறார். இரும்பை மட்டும் நம்பாமல், நம் வெயிலுக்கும் நம் தொழிலாளர் கைத்திறனுக்கும் ஏற்பத் தோலையும் பஞ்சு வைத்துத் தைத்த துணியையும் பயன்படுத்தினர். எனினும் குதிரை மட்டும் கடல்வழியே வந்தது. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் அவ்வாணிகத்தின் கடிவாளத்தைத் தம் கையில் பிடித்துக்கொண்டனர். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைக் காணும்போது, அவற்றைச் செதுக்கிய சிற்பிகள் குதிரையின் நரம்பையும் சேணத்தின் வாரையும் எவ்வளவு உற்று நோக்கியிருந்தனர் என்பது புலனாகும்.

நாம் இன்று வாழும் மராட்டிய மண் வேறொரு விடையைக் கண்டது. முகலாயர் படையில் கவசம் சிறப்பிடம் பெற்றிருந்தது. மார்பு, முதுகு, இரு விலா ஆகியவற்றைக் காக்கும் நான்கு தகடுகளுக்கு 'நான்கு கண்ணாடி' என்று பொருள்படும் சார் ஆயினா என்ற பெயர் வழங்கியது. மராட்டியரோ பீமா ஆற்றுப் பக்கத்தில் வளர்ந்த சிறிய, உறுதியான குதிரைகளை ஏறினர். அவை உள்ளூர்ப் புல்லைத் தின்று மலையேறும். அவற்றைப் பேணத் தெரிந்தவர் ஊர்தோறும் இருந்தனர். அரசு தந்த குதிரையில் ஏறியவன் பார்கீர் எனவும், தன் குதிரையோடு வந்தவன் சிலேதார் எனவும் பெயர் பெற்றான்.

இவ்விருவகைப் படைகளும் நம் தமிழ் மண்ணிலேயே மோதின. சத்ரபதி ராஜாராம் 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார்கான் அக்கோட்டையை முற்றுகையிட்டான். சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் தம் இலகுவான குதிரைவீரரோடு வந்து, முற்றுகையிட்ட படைக்கு உணவும் செய்தியும் வரும் வழிகளை அடைத்தனர். 1693இன் தொடக்கத்தில் அப்பெரும்படை பசியால் வாடி வந்தவாசிக்குப் பின்வாங்கியது. 1698இல் கோட்டை வீழ்ந்தபோதும் ராஜாராம் முன்னரே தப்பிச் சென்றிருந்தார். ஆயினும் மராட்டியரே இப்பாடத்தைப் பின்னர் மறந்தனர். 1761 ஜனவரி 14ஆம் நாள் பானிப்பட்டில் பெரும் பாசறையோடும் பீரங்கிகளோடும் சிக்கிக்கொண்டு, உணவு வழி அடைபட்டுப் பட்டினியோடு ஆப்கானியரை எதிர்த்துத் தோற்றனர்.

அதே செஞ்சியில் 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து இளைஞன் தேசிங்கு சிறுபடையோடு பொருது மாண்டான். இராஜபுத்திரனான அவனுக்கும் அவனுடைய முஸ்லிம் நண்பனுக்கும் தமிழ்மக்கள் கண்ணீரோடு கதைப்பாடல் இயற்றினர்; குதிரைக்கும் அப்பாடலில் இடந்தந்தனர். அரசர்தம் ஏடுகள் குதிரையை விலைக்கணக்கில் எழுதின. மக்கள் அதனை உயிராகக் கருதிப் பெயரிட்டு அழைத்தனர்.

துப்பாக்கியும் பீரங்கியும் வலுப்பெற்றபின் கவசக் குதிரையின் காலம் முடிந்தது. இன்று அதன் பணியை ஏற்றிருப்பவை டாங்கிகள். பூனா குதிரைப்படை என்னும் பெயர் தாங்கிய டாங்கிப் படைப்பிரிவின் தலைவராய் நின்று 1965 செப்டம்பரில் போர்க்களத்தில் வீழ்ந்து, பரம்வீர் சக்கரம் பெற்ற தாராபூர் இம்மும்பையில் பிறந்தவர். அவ்வாண்டிலேயே சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அன்று ஒரு லாடக்காரரும் இன்றிப் பொன்னைக் கடலுக்கு அப்பால் அனுப்பிய தமிழகத்தில், கனரக ஊர்தியைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் அறிந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தோன்றினர். இம்மாற்றம் பெருமைப்படத் தக்கது.

இவ்வூரில் இவ்வரலாற்றின் எச்சங்களைக் காண விரும்புவோர் மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ தாராவியிலிருந்தோ ஒரு விடுமுறை நாளில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குச் சென்று வரலாம். அக்பருக்குரிய மார்புக் கவசமும் கேடயமும் அங்கே உள்ளன. அருகிலுள்ள காலாகோடா பகுதிக்குப் பெயர் தந்த கருங்குதிரைச் சிலைமீது இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு அமர்ந்திருந்தார். 1965இல் அச்சிலை அகற்றப்பட்டு, இப்போது பைகுல்லாத் தோட்டத்தில் நிற்கிறது. 2017இல் காலாகோடாவில் வைக்கப்பட்ட புதிய குதிரைமீது வீரன் எவனும் இல்லை.

அன்பர்கள் தம் மக்களை அங்கே அழைத்துச் செல்லும்போது கவசத்தின் பளபளப்பை மட்டும் காட்டாமல், அதன் வார்களையும் கொக்கிகளையும் சுட்டிக்காட்டுவாராக. தோலைப் பதப்படுத்தியவன், வாரைத் தைத்தவன், லாடம் அடித்தவன், கொள்ளு அவித்தவள், புல் அறுத்துச் சுமந்தவள் ஆகியோரின் கைகள் அங்கே உள்ளன. தாராவியில் தோற்பதனிடும் தொழிலுக்கு வந்து குடியேறிய தமிழர் பலர். இன்றும் அங்கே தோற்பொருள் தைக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளை ஒருவன் நம்மிடையே இருப்பானாயின், இரண்டாயிரம் குதிரைகள் வைத்திருந்த பாண்டியன், அவற்றைக் காக்கத் தெரிந்த ஒரு கை இல்லாமல் எவ்வாறு இழந்தான் என்ற செய்தியை அவனுக்குச் சொல்லுங்கள்.